வைத்தியசாலைக் கட்டில் வீட்டுக்கு வரும்போது

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஒரு வியாழக்கிழமை அஸருக்குப் பின்னர் வெருகலிலிருந்து ஒருவர் எமது கடைக்கு வந்தார். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக எம்மிடம் தண்ணீர்ப் பம்பியும் குழாயும் வாங்கும் விவசாயி. சிறுபோகம் நடந்துகொண்டிருந்த நேரம். பம்பிக்கு வோஷர் தேடி வந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"முதலாளி, ஒட்சிசன் மெசின் எங்க எடுக்கலாம்?"

அவருடைய அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. ஐம்பது வருடச் சுருட்டுப் பழக்கம், நாட்பட்ட சுவாசப்பை நோயில் கொண்டுவந்து விட்டிருந்தது. பதினொரு நாட்களாக வார்ட்டில் இருக்கிறார். காய்ச்சலும் சளியும் அடங்கிவிட்டன. ஊசி மருந்தும் முடிந்துவிட்டது. ஆனால் ஒட்சிசனைக் கழற்றினால் மூச்சு வாங்குகிறது. "வீட்டில ஒட்சிசன் குடுக்க வழியிருந்தா துண்டு வெட்டி அனுப்பலாம், இல்லாட்டி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இவர் ஒவ்வொரு நாளும் வயலுக்கும் வார்ட்டுக்கும் இடையில் ஓடுகிறார். மனைவி ஆஸ்பத்திரி விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிறார். வயலில் தண்ணீர் மாற்ற ஆளில்லை. மாடுகளை அடுத்த வீட்டுக்காரர் பார்க்கிறார்.

அன்று அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு வியாபாரிக்கு இதைவிடத் தெளிவான சந்தை அறிக்கை வேறெங்கும் கிடைக்காது. வைத்தியர் அனுப்பத் தயார், நோயாளி வரத் தயார், பிள்ளை காசு கொடுக்கத் தயார். நடுவில் ஒரு இயந்திரமும் அதைப் பூட்டிக் காட்ட ஒரு ஆளும் மட்டும் இல்லை. இந்த வாரம் அந்த நடுவெளியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

இது புதிய யோசனை அல்ல

வைத்தியசாலையில் கொடுக்கும் சிகிச்சையை வீட்டிலேயே கொடுப்பது, அல்லது வார்ட்டில் தொடங்கிய சிகிச்சையின் மீதியை வீட்டில் முடிப்பது என்பது வெளிநாடுகளில் எழுபது, எண்பது வருட வரலாறு உள்ள விடயம். நியூயோர்க்கில் மொன்டிபியோரி வைத்தியசாலை 1947ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. பிரான்ஸில் 1957இல் பாரிஸ் நகரில் ஆரம்பமாகி, 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது வைத்திய முறையின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1994இல் தொடங்கியது. அங்கே ஒரு நோயாளி வீட்டில் படுத்திருந்தாலும் கணக்கில் அவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்தான். தாதி வீட்டுக்குப் போய் நாளாந்தம் நாளத்தில் மருந்து ஏற்றுகிறார், வைத்தியர் பொறுப்பில் இருக்கிறார், கட்டில் மட்டும் நோயாளியுடையது.

கொவிட் வந்த பிறகுதான் இது பெரிய வியாபாரமாக மாறியது. 2020 நவம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் மெடிகெயார் நிறுவனம், வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுக்கும் வைத்தியசாலைகளுக்கும் வார்ட்டில் கொடுப்பது போலவே பணம் செலுத்த விசேட அனுமதி கொடுத்தது. அடுத்த வருடமே அமெடிசிஸ் என்ற கொம்பனி, இந்தச் சேவையை நடத்திய கொன்டெஸா என்ற நிறுவனத்தை 25 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. சிங்கப்பூர் 2022 ஏப்ரலில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2024 ஏப்ரலில் பொது வைத்தியசாலைகளின் வழமையான சேவையாகவே ஆக்கிவிட்டது. வார்ட்டில் படுத்தவருக்கு எந்தக் காப்புறுதியும் சேமிப்புக் கணக்கும் கைகொடுக்குமோ, அதேதான் வீட்டில் படுத்தவருக்கும்.

இதனால் உண்மையில் நன்மை உண்டா? பொஸ்டன் நகரில் டேவிட் லெவின் என்ற வைத்தியரும் குழுவினரும் 91 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களுக்கான செலவு வார்ட்டில் இருந்தவர்களை விட 38 வீதம் குறைவு. முப்பது நாட்களுக்குள் மீண்டும் அனுமதிக்கப்பட்டவர்கள் வார்ட் பக்கத்தில் 23 வீதம், வீட்டுப் பக்கத்தில் 7 வீதம். வீட்டில் இருந்தவர்கள் கூடுதலாக நடமாடியும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு பக்கக் கணக்கை மட்டும் காட்டி வியாபாரிக்கு ஆசை மூட்டுவது சரியல்ல. நேரத்தோடு துண்டு வெட்டி வீட்டில் பராமரிப்பது பற்றி அதுவரை உலகில் நடந்த 32 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து கொக்ரேன் அமைப்பு 2017இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. வார்ட்டில் தங்கும் நாட்கள் குறைகின்றன, நோயாளியின் திருப்தி கூடலாம், மரண வீதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மொத்தச் செலவு குறைகிறது என்று அடித்துச் சொல்லப் போதிய ஆதாரமில்லை என்பதே அதன் முடிவு. வார்ட்டில் குறையும் செலவின் ஒரு பகுதி வீட்டுக்கு இடம்மாறுகிறது. அதைச் சுமப்பது யார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2017இல் வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தினால் காலில் புண். ஒரு வைத்தியசாலையில் அனுமதித்தோம். எது என்று சொல்லத் தேவையில்லை. ஆறாம் நாள் துண்டு வெட்டினார்கள். நாங்கள் சந்தோஷப்பட்டோம். கையில் ஒரு மருந்துத் துண்டு, "தினமும் கட்டு மாத்துங்க, சீனியைப் பாத்துக்கொள்ளுங்க, ரெண்டு கிழமையில கிளினிக் வாங்க" என்ற வாய் வார்த்தை. அவ்வளவுதான்.

கட்டு மாற்றியது என் தாத்தா. அவருக்குப் பழக்கமில்லை. புண்ணின் ஓரம் கறுப்பதை அவர் கண்டார். ஆனால் அது மருந்தின் நிறம் என்று நினைத்தார். வாப்பாவோ சாப்பாட்டு விடயத்தில் யாருக்கும் கட்டுப்படாதவர். குளுக்கோமீற்றர் வீட்டில் இருந்தது, ஸ்ட்ரிப் முடிந்திருந்தது. நான் கடையில் இருந்தேன். ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு மீண்டும் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு விரல்கள் போயின. இரண்டாவது முறை வார்ட்டில் இருந்தது முப்பத்துநான்கு நாட்கள். கடையைப் பாதி நாள் மூடினேன். பெருநாள் வியாபாரம் முழுவதும் கைநழுவிப் போனது.

வைத்தியரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த வார்ட்டில் ஒரு கட்டிலில் இருவர் படுத்திருந்ததை நானே பார்த்தேன். ஆறாம் நாள் அனுப்பியது பிழையென்றும் நான் நினைக்கவில்லை. ஏழாம் நாளிலிருந்து பார்க்க ஒருவருமில்லாமல் போனதுதான் பிழை. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற ஒருவர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்து, ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் வைத்தியருக்கு அனுப்பியிருந்தால், அந்த விரல்கள் தப்பியிருக்கக்கூடும்.

ஆகவே இரண்டு விடயங்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது ஒன்று. சிகிச்சையையும் கூடவே வீட்டுக்கு அனுப்புவது வேறொன்று. முதலாவது மட்டும் நடந்தால் வைத்தியசாலைக்கு ஒரு கட்டில் மிச்சம், குடும்பத்துக்கு, அதிலும் வீட்டுப் பெண்களுக்கு, ஒரு புதிய வேலை. 2018-19 காலத்தில் நடந்த தேசிய ஆய்வொன்றின்படி இந்நாட்டு வளர்ந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. எங்கள் கடைத்தெருவில் அது இன்னும் அதிகமாக இருக்கும் என்பது என் சந்தேகம். நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து பிளேன்ரீயும் வடையுமாக வாழ்பவர்கள் நாங்கள்.

நாட்டில் ஏற்கெனவே இருக்கும் வழி

வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை இலங்கைக்கு அந்நியமானதல்ல. பிள்ளை பெற்ற தாய் சிக்கல் எதுவும் இல்லையென்றால் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார். அப்படி அனுப்ப முடிவது ஏன்? 'மிட்வைப் மிஸ்' என்று நாம் அழைக்கும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பார் என்ற நம்பிக்கையில்தான். வெருகலின் ஒழுங்கைகளிலும் அவர் ஸ்கூட்டியில் போவதை நாம் காண்கிறோம். நேரத்தோடு துண்டு வெட்டும் முறையின் மிகச் சரியான உதாரணம் இதுவே. பிள்ளைப்பேறுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, கால் புண்ணுக்கும் இருதய வருத்தத்துக்கும் பாரிசவாதத்துக்கும் இல்லை என்பதுதான் குறை.

கொவிட் காலத்தில் அதுவும் நடந்தது. 2021இன் நடுப்பகுதியில், கட்டில்கள் நிரம்பியபோது, கடுமையான அறிகுறி இல்லாதவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு மேல் மாகாணத்தில் ஆரம்பித்துப் பின்னர் நாடு முழுவதற்கும் விரித்தது. 1390 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வைத்தியர் தொலைபேசியில் விசாரிப்பார். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் காட்டும் எண் இறங்கினால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும். அந்த அம்பியூலன்ஸ் சேவையும் இந்திய உதவியில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, 2019 அளவில்தான் நாடு முழுவதும் எட்டியது. ஒரு தொலைபேசி, ஒரு ஒக்சிமீற்றர், நிலைமை மோசமானால் ஓடிவர ஒரு வண்டி. இந்த மூன்றும் இருந்ததால்தான் ஒரு பாமர வீடும் வார்ட்டாக முடிந்தது.

வெருகலுக்கு இந்த மூன்றாவது அம்சமே முக்கியம். ஈச்சிலம்பற்றில் பிரதேச வைத்தியசாலை உண்டு. மூதூரிலும் கிண்ணியாவிலும் ஆதார வைத்தியசாலைகள், அதற்கப்பால் திருகோணமலையில் மாவட்டப் பொது வைத்தியசாலை. இன்றைய இளைஞர்களுக்கு இது சாதாரண பயணம். ஆனால் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு ஆகிய இடங்களில் பாலங்கள் 2011இல் வந்தன. அதற்கு முன் நோயாளியை ஏற்றிய வேன் ஒவ்வொரு துறையிலும் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்சில் கொட்டியார்குடாவைக் கடக்க வேண்டும். யுத்த காலத்தை இங்கே எழுத இடம் போதாது. அந்தப் பாலங்கள் இல்லாமல் இந்தக் கட்டுரையே இல்லை. வீட்டில் நோயாளியை வைத்திருப்பது, தேவையானபோது வைத்தியசாலைக்குப் போய்ச் சேர முடியும் என்ற உறுதியின் மேல்தான் நிற்கிறது.

இயந்திரம் தேடிய கதை

வெருகல் விவசாயிக்காக நான் விசாரிக்கத் தொடங்கினேன். கொவிட் காலத்தில் ஊருக்கு ஊர் நலன்புரிச் சங்கங்கள் ஒட்சிசன் செறிவாக்கி வாங்கின அல்லவா? எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் களஞ்சிய அறையில் அப்படி இரண்டு, தூசு படிந்து கிடந்தன. இலவசமாகவே தந்தார்கள். பூட்டினோம், சத்தம் வந்தது, குழாயில் காற்றும் வந்தது. நல்ல வேளை, கொழும்பில் இத்துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், "ஒட்சிசன் எத்தனை வீதம் என்று அளக்காமல் கொடுக்காதே" என்றார். அளவிடும் கருவியை வரவழைத்துப் பார்த்தால் தொண்ணூறு வீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பதைக் கூடத் தாண்டவில்லை.

காரணம் எளியது. இந்த இயந்திரம் அறைக் காற்றை உறிஞ்சி, உள்ளேயுள்ள சியோலைட் என்ற மணிகளின் ஊடாகச் செலுத்துகிறது. அந்த மணிகள் நைதரசனைப் பிடித்துவைத்து ஒட்சிசனை விடுகின்றன. நீண்ட காலம் ஓடாமல் ஈரக்காற்றில் கிடந்தால் மணிகள் ஈரத்தைக் குடித்துச் செத்துவிடும். அதன் பிறகு அது ஒரு விலையுயர்ந்த மின்விசிறிதான். எங்கள் கடற்கரை ஈரத்துக்குச் சொல்லவா வேண்டும்? தண்ணீர்ப் பம்பி விற்கும் எனக்கு இது நன்றாகப் புரிந்தது: ஓடாத பம்பிதான் முதலில் பழுதாகும்.

ஆகவே திருத்திச் சோதிக்கப்பட்ட ஒன்றைக் கொழும்பிலிருந்து நானே வாங்கினேன், வாடகைக்கு விடுவதென்று. விவசாயியிடம் முழு விலையைக் கேட்பது அநியாயம். எவ்வளவு காலம் தேவைப்படும் என்பது அவருக்கும் தெரியாது.

வாடகைக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் கணக்குக்காக ஒரு தொகையை வைப்போம். இயந்திரம் மூன்று இலட்சம் ரூபாவுக்கு விழுகிறது. நாள் வாடகை ஆயிரம் ரூபா. மாதத்தில் சராசரியாகப் பதினைந்து நாள்தான் வெளியில் இருக்கும் என்றால் மாதம் 15,000 ரூபா. போட்ட பணம் திரும்ப இருபது மாதம். இதில் வடிகட்டி மாற்றுவது, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய குழாய், ஏற்றி இறக்கும் கூலி கழிய வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் இலாபம் கண்ணில் தெரியாது. துணி வியாபாரம் போல ஒரு சீசனில் எடுக்க முடியாது. ஆனால் இதைத் தனியாகச் செய்யாமல், சக்கர நாற்காலி, முதுகு உயர்த்தும் கட்டில், படுக்கைப் புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை, நெப்யுலைசர், நடக்க உதவும் வோக்கர் என்று சேர்த்து வைத்தால் கணக்கு மாறும். வோக்கரும் கட்டிலும் பழுதாவதில்லை, மின்சாரம் குடிப்பதில்லை. உண்மையில் காசு அங்கேதான் இருக்கிறது என்பது ஒரு வருட அனுபவத்தில் நான் கண்டது.

வாடிக்கையாளரின் கணக்கையும் வியாபாரி போட்டுக் காட்ட வேண்டும். ஐந்து லீற்றர் இயந்திரம் ஏறத்தாழ 350 வோட் இழுக்கும். இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது பதினைந்து மணித்தியாலம் ஒட்சிசன் தேவை என்பார்கள் வைத்தியர்கள். பதினாறு மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு 5.6 யூனிட், மாதத்துக்கு 168 யூனிட். வீட்டின் சாதாரணப் பாவனையோடு சேர்த்தால் 180 யூனிட்டைத் தாண்டி, மின்கட்டணத்தின் ஆக உயர்ந்த படிக்குப் போய்விடும். வாடகையை மட்டும் சொல்லி பில்லைச் சொல்லாமல் விடுபவர் இரண்டாம் மாதம் வாடிக்கையாளரை இழப்பார்.

இன்னொன்று. ஒட்சிசன் ஓடும் அறையில் சுருட்டு, நுளம்புத்திரி, குப்பி விளக்கு எதுவும் ஆகாது. வெருகல் பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "மூச்சையும் தாறன் எண்டு சொல்லி, சுருட்டையும் பறிக்க வந்திருக்கிறீங்களோ முதலாளி?" என்று கேட்டார். பறித்துக்கொண்டுதான் வந்தேன்.

எல்லை எது?

பொருள் கொடுப்பது வியாபாரம். சிகிச்சை கொடுப்பது வேறு. இந்த எல்லையை எமது சகோதரர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒட்சிசனும் ஒரு மருந்து. எத்தனை லீற்றர் என்பதை வைத்தியர் எழுதித் தர வேண்டும். நாட்பட்ட சுவாச நோயாளிக்கு அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எனவே வைத்தியரின் எழுத்து இல்லாமல் இயந்திரம் கடையை விட்டு வெளியேறாது என்று நான் வைத்திருக்கிறேன். மருத்துவ உபகரணங்களும் மருந்துகளும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கட்டுப்பாட்டில் வருகின்றன. பதிவு பெற்ற இறக்குமதியாளரிடம் மட்டும் வாங்குங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பயணப் பொதியில் வந்த மலிவுச் சாமான் வேண்டாம். தாதியரை வைத்து வீட்டுச் சேவை நடத்த முன்வருபவர்கள், தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தமக்கு என்ன கடமை என்பதை மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

எல்லா நோயும் வீட்டுக்கு வராது. வெளிநாடுகளில் இதற்குத் தெரிவு செய்வது தோல் தொற்று, நிலைமை சீரான நியுமோனியா, சிறுநீர்த் தொற்று, இருதயப் பலவீனத்தால் நீர் தேங்குவது, முட்டு அதிகரிப்பது போன்றவற்றைத்தான். பாம்புக் கடியை வீட்டில் வைத்துப் பார்ப்பேன் என்பவரை நம்பாதீர்கள். டெங்குக் காய்ச்சலில் சூடு இறங்கும் நாட்கள்தான் ஆபத்தான நாட்கள். அந்த நேரத்தில் இடம் வார்ட்தான்.

பணம் மட்டுமல்ல, ஆளும் தேவை. பராமரிப்பாளர் தொழிலுக்கு அரச அங்கீகாரம் பெற்ற தொழிற்பயிற்சிகள் உண்டு. முடித்தவர்கள் இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் போகிறார்கள். வளைகுடா நாடுகளில் வைத்தியசாலை உதவியாளராகப் பத்து வருடம் வேலை செய்து திரும்பிய எத்தனையோ பேர் எமது ஊர்களில் ஓட்டோ ஓட்டுகிறார்கள். நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்கவும் கை கழுவவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண்களுக்கு வீட்டுக்கு அருகில் கௌரவமான சம்பளம் கிடைக்கும் தொழிலாகவும் இது அமையும்.

கடல் கடந்து பார்த்தால், இந்தியாவில் போர்ட்டியா என்ற நிறுவனம் 2013இல் தொடங்கியதிலிருந்து வீட்டுச் சேவை பெருநகரங்களில் ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. ஆனால் வெருகலுக்கும் மூதூருக்கும் பொருத்தமான பாடம் பெங்களூரில் இல்லை, கேரளாவில் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு, சில வருடங்களில் மலப்புறம் மாவட்டத்து ஊர்களுக்குள் புகுந்தது. தாதியும் பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்களும் வீடு வீடாகப் போகிறார்கள். செலவின் பெரும் பகுதி சாதாரண மக்கள் கொடுக்கும் சில்லறை நன்கொடையில் ஓடியது. 2008இல் கேரள அரசாங்கமே இதற்கெனக் கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சீனி, பிரசர் மருந்துகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு உடற்பயிற்சிச் சிகிச்சையும், வயிற்றறை வழியாக வீட்டிலேயே டயலிசிஸ் செய்பவர்களுக்கான திரவப் பைகளும் கொடுக்கப்படுகின்றன. எங்கள் ஊர்ச் சங்கங்கள் இயந்திரம் வாங்கி நன்கொடையாளர் பெயரை ஒட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை அதைப் பராமரிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதில் காட்டினால், அந்த இரண்டு செறிவாக்கிகளும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

வெள்ளம் வந்த வாரம்

வெருகல் பெரியவர் ஜூன் கடைசியில் வீட்டுக்கு வந்தார். மகன் சிறுபோக அறுவடையை முடித்தார், பெரும்போகத்துக்கு விதைத்தார். மருமகள் தன் வீட்டுப் பாயில் படுத்தார். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ எமது கடைப் பையன் போய்வருவான். வரும்போது ஒரு சட்டி தயிரோடு வருவான். அது வாடகையில் சேராது.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு முதல் நாளே இருந்தது. அதனால் ஒரு சிலிண்டரும் சேர்த்தே கொடுத்திருந்தேன். 1,400 லீற்றர் கொள்ளும் சிலிண்டர், நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் வீதம் 700 நிமிடம் ஓடும். பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. சாதாரண மின்வெட்டுக்கு அது தாராளம்.

2025 நவம்பர் இறுதியில் வந்தது சாதாரணமானதல்ல. டித்வா புயலில் மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலி வழியாக இறங்கி மூதூரையும் வெருகலையும் மூழ்கடித்தது. எச்சரிக்கை வந்ததும் நான் தொலைபேசி எடுத்து, "தம்பி, சிலிண்டர நம்பி இருக்காதீங்க, பாதை இருக்கும்போதே அப்பாவக் கொண்டு போங்க" என்றேன். அவர் ஏற்கெனவே உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் அந்த வாரங்களை வார்ட்டில் கழித்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இயந்திரத்தை மகன் பரணில் ஏற்றிக் கட்டியிருந்தார். எனது கடையிலும் சாமான் போனது. ஆனால் அது வேறு கதை.

டிசம்பர் நடுவில் பெரியவர் மீண்டும் வீட்டுக்கு வந்தார். ஜனவரியில், தன் கட்டிலிலேயே, மகனும் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கக் காலமானார். எட்டாம் நாள் செலவு முடிந்து மகன் இயந்திரத்தைத் துடைத்து, பொலித்தீன் சுற்றி, எஞ்சிய வாடகையோடு கொண்டுவந்து தந்தார். கணக்குப் பார்த்தபோது அந்த வெள்ள வாரங்களுக்கான வாடகையையும் சேர்த்து வைத்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

மீற்றரில் 2,900 மணித்தியாலத்துக்குச் சொச்சம் காட்டியது. வடிகட்டியும் குழாயும் புதிதாகப் போட்டு அளந்தோம், 93 வீதம். அடுத்த கிழமை அது தோப்பூருக்குப் போனது.